பெட் ஸ்கேன்: எந்த வாரம், எத்தனை மணி, எத்தனை நிமிடம்? டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் மனைவியின் இரண்டாவது பெட் ஸ்கேன் (PET, புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் படம்) அரை டம்ளர் ஹார்லிக்ஸால் கெட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, "வெறும் வயித்தோட பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று விடியற்காலை ஐந்தரைக்குக் கலக்கிக் கொடுத்துவிட்டார். ஏழரைக்கு நர்ஸ் கேட்டபோது இவளும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவளுக்கென்று வந்திருந்த ஊசி மருந்து வீண். அன்று வேறு நேரம் இல்லை. அடுத்த தேதி எட்டு நாள் கழித்து. அதுவரை மூன்றாவது சுற்று கீமோவும் நின்றது.

அதற்குப் பிறகு வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த நம்மாட்கள் சிலரோடும், அவர்கள் அழைத்து வந்த அப்பா அம்மாக்களோடும் ஸ்கேனுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். எல்லாரும் கேட்பது, எந்த ஆஸ்பத்திரியில் நல்ல மெஷின் இருக்கிறது என்பதுதான். எப்போது எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தப்பான நேரத்தில் எடுத்தால் இருக்கும் கட்டி மறையும், இல்லாத கட்டி தெரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நேரத்தைப் பற்றியது. நான் மருத்துவன் இல்லை. உங்கள் மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஊசிக்குள் ஒரு கடிகாரம்

பெரும்பாலான பெட் ஸ்கேனில் போடும் மருந்துக்கு எஃப்டிஜி என்று பெயர். குளுக்கோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் குளுக்கோஸ் இல்லை. செல் இதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும், முதல் வேலையாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அதற்கு மேல் செரிக்க முடியாமல் விழிக்கும். வெளியே விடவும் முடியாது. இப்படி உள்ளேயே மாட்டிக்கொண்டு சேரும். புற்றுநோய்ச் செல்கள் பலவற்றுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கவனித்துவிட்டார். அதனால் அங்கே மருந்து அதிகமாகச் சேர்ந்து, படத்தில் அந்த இடம் எரிகிற மாதிரி தெரிகிறது.

இந்த மருந்தில் ஒட்டியிருக்கும் கதிரியக்கப் பொருள் ஃப்ளோரின்-18. ஏறத்தாழ 110 நிமிடத்துக்கு ஒரு முறை இது பாதியாகும். காலை 8 மணிக்கு 400 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்தால் 9.50-க்கு 200, 11.40-க்கு 100. ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கிற சமாச்சாரம் இல்லை இது. சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் அன்றன்றைக்குச் செய்து அனுப்புகிறார்கள். கேப்டவுன் பக்கம் ஐதெம்பா லாப்ஸ் என்ற ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. நீங்கள் ரோபோவில் (வந்த புதிதில் எனக்கும் புரியவில்லை, இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்) மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால், உங்களுக்கென்று அளந்து வைத்த மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கும். எட்டு மணி என்றால் ஏழேகாலுக்கே போய் உட்காருங்கள்.

தேதி வாங்குவது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அரசுப் பக்கம் என்றால் டர்பனில் கேட்டோ மேனரில் இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையைச் சொல்வார்கள். 2002-இல் திறந்தது. அங்கே நேரே போய் வரிசையில் நிற்க முடியாது, வேறொரு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதத்தோடுதான் போக வேண்டும். தனியார் என்றால் மெடிக்கல் எய்ட் (இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு அதுதான் பெயர்) முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஆதரைசேஷன் நம்பர் தர வேண்டும். அந்த நம்பர் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டு எழுதி வையுங்கள், தேதி தள்ளிப்போனால் அதுவும் காலாவதி ஆகலாம்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. மெடிக்கல் எய்டில் சேர்ந்தவுடனே எல்லாம் கிடைக்காது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக மூன்று மாதம் வரையும், ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரையும் காத்திருக்க வைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை விசாரிப்பது நல்லது.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்த நாடே லீவில் இருக்கும். உங்கள் ஸ்கேன் அந்தச் சமயத்தில் விழும் போலிருந்தால் அக்டோபரிலேயே தேதியைப் பேசி வையுங்கள்.

எந்த வாரம்?

அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். மெடிக்கல் எய்ட் சரி என்றதும், "அடுத்த செவ்வாய் காலியா இருக்கு, வந்துடுங்க" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். ஒத்துக்கொள்வதற்கு முன்னால் கடைசியாக என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் நடந்தது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்காது.

கீமோ முடிந்த உடனே எடுத்தால் அடி வாங்கிய செல்கள் கொஞ்ச நாள் சர்க்கரையை இழுக்காமல் மயங்கிக் கிடக்கும். படம் சுத்தமாகத் தெரியும், நாம் ஏமாறுவோம். சிகிச்சையின் நடுவில் எடுப்பதென்றால் கடைசி டோசுக்குப் பிறகு குறைந்தது பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம் விட்டு, அடுத்த டோசுக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் எடுக்கச் சொல்வார்கள். என் மனைவிக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வரும் ஒரு புற்றுநோய். அதில் இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு ஸ்கேன் எடுத்து, மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார்கள். ஹார்லிக்ஸ் கெடுத்தது அந்த ஸ்கேனைத்தான்.

லிம்போமாவுக்கு முழுச் சிகிச்சையும் முடிந்த பிறகு எடுக்கும் ஸ்கேன் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இருப்பது நல்லது. மூன்று வாரத்துக்கு முன்னால் வேண்டாம்.

ரேடியேஷனில் விஷயம் தலைகீழ். கதிர் பட்ட இடம் வெந்த புண் மாதிரி பல வாரம் கனன்றுகொண்டிருக்கும். வீக்கத்தில் வேலை செய்யும் வெள்ளை அணுக்களுக்கும் சர்க்கரைப் பசிதான், அதனால் நோய் போன பிறகும் அந்த இடம் எரிகிறதாகத் தெரியும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுப்பது வழக்கம். இந்த மூன்று மாதம் வீட்டில் இருப்பவர்களுக்கு நரகம், எனக்குத் தெரியும். ஆனாலும் அவசரப்பட்டு ஆறாவது வாரம் எடுத்து, சந்தேகமாக ஒரு புள்ளி தெரிந்து, அதற்காகத் தொண்டையில் ஊசி குத்திப் பார்ப்பதைவிடக் காத்திருப்பது மேல்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பொதுவாக ஆறு வாரம். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணு ஏற ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்கப் பளிச்சென்று எரியும், நோய் எலும்புக்குப் போய்விட்டதோ என்று பார்க்கிறவரே குழம்பலாம். அந்த ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் நெறி கட்டி அதுவும் எரியும். சமீபத்தில் ஏதாவது தடுப்பூசி போட்டிருந்தால் எந்தத் தேதி, எந்தக் கை என்று சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் காவடி. இதை இந்த ஊரில் சொல்லாமல் விட முடியாது. தைப்பூசத்துக்கும் சித்திரைக்கும் விரதமிருந்து, அலகு குத்தி, காவடி தூக்கி நடந்தவர்கள் அடுத்த வாரமே ஸ்கேனுக்கு வந்தால், தோள், முதுகு, தொடைத் தசைகளும் அலகு குத்திய இடங்களும் மருந்தை இழுத்துக்கொண்டிருக்கும். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, நானும் பால்குடம் எடுத்தவன்தான். இரண்டு தேதிகளையும் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் எங்கே குத்தியது என்றாவது அங்கே சொல்லுங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

ஸ்கேனுக்கு முந்தின நாள் ஜிம், ஓட்டம், வீடு மாற்றும் வேலை, குழந்தையைத் தூக்கி விளையாடுவது எதுவும் வேண்டாம். வேலை செய்த தசை சர்க்கரை கேட்கும்.

முந்தின இரவு சோறு, ரொட்டி, பிரியாணி, பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) எல்லாம் தள்ளி வையுங்கள். முட்டை, மீன், கோழி, கீரை சாப்பிடலாம். சைவம் என்றால் பனீரும் காய்கறியும். சோறில்லாமல் ஒரு ராத்திரி தூங்க முடியாது என்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தூங்கினார்கள். ஊசிக்கு முன்னால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. உங்கள் ஆஸ்பத்திரி ஆறு என்றால் ஆறு. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். நம் வீடுகளில் சறுக்குவது 'சாப்பாடு' என்று கணக்கில் வராத சாமான்களில்தான்: பால் டீ, ஒரு துண்டு வாழைப்பழம், கோயில் பிரசாதம், தொண்டைக்கு மிட்டாய், இருமல் சிரப், சூயிங் கம். சூயிங் கம்மில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் மென்ற தாடைத் தசை எரியும்.

பட்டினி எதற்கு? சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் வந்தால் மருந்து கட்டிக்குப் போகாமல் தசைக்கும் கொழுப்புக்கும் ஓடிவிடும். அது போக, ரத்தத்தில் நிஜச் சர்க்கரை நிறைய இருந்தால் போலிச் சர்க்கரைக்கு உள்ளே போக இடம் கிடைக்காது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதை நன்றாகப் படிக்க வேண்டும், நம் ஆட்களில் பாதி வீட்டில் ஒருவருக்காவது இருக்கிறது. ஊரில் 140, 180 என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். இங்கே மீட்டர் வேறு கணக்கில் காட்டும். ஊர்க் கணக்கை 18-ஆல் வகுத்தால் இந்த ஊர்க் கணக்கு வரும். ஊரின் 200 இங்கே 11-க்குப் பக்கம். பொதுவாக 11-க்கு மேல் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடுவார்கள். ஒருவருடைய அம்மா, "எனக்கு சுகர் பதினஞ்சுதான், ரொம்பக் கம்மி" என்று சந்தோஷமாகச் சொன்னார். பதினைந்து என்றால் ஊர்க் கணக்கில் 270.

காலையில் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று நீங்களாகவே இன்சுலின் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலினுக்கும் ஸ்கேன் ஊசிக்கும் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படத்தில் குடல் முழுக்க எரியும். வயிற்றுப் பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தேதி வாங்கும்போதே "சர்க்கரை இருக்கிறது, என்ன மாத்திரை, என்ன இன்சுலின், எத்தனை மணிக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ற நேரம் தருவார்கள்.

ஜூன், ஜூலையில் (இங்கே அதுதான் குளிர்காலம்) ஜோகன்னஸ்பர்க் அல்லது பிரிட்டோரியாவில் எடுப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். உடம்பு குளிர்ந்தால் கழுத்திலும் தோளிலும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று சூடு உண்டாக்க வேலை செய்யும், மருந்தையும் இழுக்கும். லிம்போமா கணுக்கள் இருக்கிற அதே இடம். டர்பனில் குளிர் கம்மிதான், ஆனால் காரில் ஏசியைக் குறைத்து வையுங்கள்.

ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம்

எடை பார்ப்பார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், பிறகு கையில் ஊசி. மார்பக ஆபரேஷன் நடந்த பக்கம் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்து போகும்போது அந்த இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லிவிட வேண்டும். ரத்தத்துக்குப் போகாமல் தோலடியில் தங்கிவிட்டால் கட்டியில் சேர்ந்த அளவைக் கணக்கிடுவதில் தப்பு வரும்.

இதற்குப் பிறகு மங்கலான அறையில் படுக்க வைத்து விட்டுவிடுவார்கள். சராசரி அறுபது நிமிடம். ஏன் ஊசி போட்ட உடனே எடுப்பதில்லை என்று பலர் கேட்பார்கள். மருந்து முதலில் ரத்தம் முழுக்க இருக்கும், எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். நேரம் போகப் போக ரத்தத்தில் இருப்பது சிறுநீரில் வடியும், கட்டியில் மாட்டியது மட்டும் தங்கும், மேலும் ஏறும். கட்டிக்கும் பக்கத்து இடத்துக்கும் வித்தியாசம் கூடக் கூடச் சின்னப் புள்ளியும் கண்ணுக்குப் படும். அப்படியானால் ஐந்து மணி நேரம் விடலாமே? விடலாம், ஆனால் அதற்குள் கதிரியக்கம் கரைந்து படம் புள்ளி புள்ளியாகிவிடும். அறுபது நிமிடம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்.

அந்த ஒரு மணி நேரம் பேசாதீர்கள். போனில் அம்மாவிடம் பேசினால் குரல்வளைத் தசை எரியும், தொண்டையில் ஏதோ இருப்பது போலத் தோன்றும். நர்ஸ் பெயர் கோவிந்தராகவோ நாயுடுவாகவோ இருக்கும், தமிழ் பேசலாம் என்று ஆசை வரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாவுக்கு இந்த விதிகளையெல்லாம் முந்தின இரவே நீங்கள் வீட்டில் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு உங்களைப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். மெஷினில் ஏறுவதற்கு முன் பாத்ரூம் போய் வரச் சொல்லுங்கள், நிரம்பிய சிறுநீர்ப்பை பக்கத்தில் இருக்கும் கட்டியை மறைத்துவிடும்.

இப்போது ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: ஊசி போட்ட மணி, மெஷின் ஓட ஆரம்பித்த மணி, சர்க்கரை அளவு, எடை, எந்தக் கை. அவர்களிடமும் பதிவு இருக்கும். ஆனால் அடுத்த ஸ்கேன் வேறு ஊரிலோ, திரும்பிப் போய் மதுரையிலோ எடுக்க நேர்ந்தால் உங்கள் நோட்டு கைகொடுக்கும்.

ரிப்போர்ட்டில் எஸ்யூவி என்று ஒரு எண் வரும். கட்டி எவ்வளவு மருந்து இழுத்தது என்பதன் கணக்கு. பல கட்டிகளில் நேரம் ஆக ஆக அது ஏறும். முதல் முறை 60 நிமிடத்தில் எடுத்து 6 என்று வந்து, அடுத்த முறை கூட்டத்தினால் 95 நிமிடத்தில் எடுத்து 7.5 என்று வந்தால் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, கடிகாரம் கூடியிருக்கலாம். இரண்டு ஸ்கேனின் காத்திருப்பு நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் மாறக் கூடாது, முடிந்தால் அதே மெஷின். இரண்டாவது ஸ்கேனுக்குப் போகும்போது, "போன தடவை 62 நிமிடம்" என்று சொல்லிப் பாருங்கள். என்னை முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு எழுதிக்கொண்டார்கள்.

"இருங்க, இன்னொரு தடவை எடுக்கணும்"

ஸ்கேன் முடிந்து செருப்பு போடும்போது இப்படிச் சொன்னால் பயப்படாதீர்கள். இரண்டு மணி, மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பது கெட்ட செய்தி இல்லை. ஈரல் ஒரு நல்ல உதாரணம். நல்ல ஈரல் செல்லுக்கு மாட்டிக்கொண்ட மருந்தின் பூட்டைத் திறக்கும் நொதி அதிகம், அதனால் மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அங்கே பரவிய கட்டி பெரும்பாலும் விடாது. ஒரு மணியில் ஈரலோடு ஈரலாகக் கலந்திருந்த புள்ளி மூன்று மணியில் தனியாக நிற்கும். குடலில் தெரிந்த வெளிச்சம் இடம் மாறியிருந்தால் அது குடலின் அசைவு என்று தெரிந்துவிடும். சிறுநீர்க் குழாயில் தேங்கியதும் வடிந்திருக்கும். மூளையிலும் தாமதமாக எடுப்பது சில நேரம் உதவும், மூளையே சர்க்கரை தின்னும் உறுப்பு என்பதால் ஒரு மணியில் எல்லாம் எரிகிற மாதிரி தெரியும்.

காத்திருக்கும்போது சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அந்தப் பக்கத்து கஃபேயில் இருக்கும் சமோசா உங்களைக் கூப்பிடும்.

ஆனால் இந்தத் தாமத ஸ்கேன் எல்லாக் கேள்விக்கும் விடை இல்லை, இந்த நாட்டில் குறிப்பாக. நுரையீரலில் ஒரு முடிச்சு எரிந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். புற்றுநோய் நேரமாக ஆக ஏறும், வீக்கம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பிரிட்டோரியாவில் அணு மருத்துவ நிபுணர் மைக் சாத்தேகே குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காசநோய் பரவலாக உள்ள இடத்தில் இரண்டு நேரத்தில் எடுத்தாலும் இதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காசநோய் முடிச்சும் ஏறுகிறது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ டிபி இருந்திருந்தால், முப்பது வருடம் முன்பு ஊரில் வந்தது என்றாலும், வெட்கப்படாமல் சொல்லுங்கள். எச்ஐவி இருப்பவர்களுக்கும் கணுக்கள் எரியலாம், அதையும் மருத்துவரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். முடிவு பெரும்பாலும் ஊசி குத்தி எடுக்கும் திசுவில்தான் வரும்.

எல்லா பெட் ஸ்கேனும் சர்க்கரை ஸ்கேன் இல்லை. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குக் காலியம்-68 சேர்த்த பிஎஸ்எம்ஏ என்ற மருந்து போடுவார்கள். அது 68 நிமிடத்திலேயே பாதியாகும், ஆகவே தாமதம் இன்னும் ஆகாது. அதற்குப் பட்டினி பொதுவாகத் தேவையில்லை. அப்பாவைச் சும்மா காயப் போடாமல் எந்த மருந்து என்று முதலில் கேளுங்கள்.

முடிந்த பிறகு

நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி பாத்ரூம் போனால் மிச்சம் சீக்கிரம் வெளியேறும். அன்று மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஒட்டி உட்கார வேண்டாம். பால் கொடுக்கும் அம்மாக்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் குழந்தையை நெருக்கமாக வைத்திருக்க வேண்டாம் என்பார்கள். முன்கூட்டியே பால் எடுத்து வைத்துவிட்டால் வேறொருவர் கொடுக்கலாம். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் இந்த ஒரு நாள் அவருக்குத் திருவிழா.

ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் சிடியில் கேட்டு வாங்குங்கள். மருத்துவர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். என் மனைவியின் நாலு சிடியும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் தேதியும் நிமிடமும். இரண்டாவது சிடியில் மட்டும் தேதியை அடித்து எழுதியிருக்கும், எட்டு நாள் தள்ளி.